தடுக்கப்பட்டது ஒன்று

“படிக்க விடமாட்டேங்கறாங்க அம்மா,” என்றார் மாரப்பன்.

தெய்வானையம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாருங்க அண்ணா?”

“எல்லாருந்தானுங்க. சித்தர் பாட்டு ஒண்ணு படிக்கலாம்னு லேப்டாப்பைத் திறந்தா, மொதல்ல மூட்டுவலித் தைலம் வருது. அதைத் தள்ளுனா வீட்டு மனை. அதையும் தள்ளுனா நட்டநடுவுல ஒரு பெட்டி வந்து நின்னுக்கிட்டு, குக்கீயை ஏத்துக்கறியான்னு கேக்குது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஏத்துக்கறேன்னு அமுக்கிட்டனுங்க.”

“எதை ஏத்துக்கிட்டீங்க?”

மாரப்பன் யோசித்தார்.

“அது தெரியலீங்களே.”

“சரி, பாட்டு எப்படி இருந்துச்சு?”

“எந்தப் பாட்டுங்க?”

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

உடுமலைக்குத் தெற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் அந்த ஆசிரமம். அம்மாவுக்கு நாற்பது வயது. மாரப்பனுக்கு அறுபத்து மூன்று. ஆனாலும் அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். ரெண்டு பேருக்குமே அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

மாரப்பன் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். ஆயுசு பூராவும் வேண்டாத துணியை வெட்டித் தள்ளிய கை. அப்புறம் சொந்தமாக ஒரு யூனிட் போட்டு, அதையும் மகளிடம் கொடுத்துவிட்டுப் புரட்டாசியில் இங்கே வந்து சேர்ந்தார். மகள் லேசுப்பட்டவள் இல்லை. “தைப்பூசம் வரைக்கும்தான் லீவு. மறுநாள் காலையில வண்டியோட வந்து நிப்பேன்,” என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

வந்தவருக்கு ஒரே ஒரு ஆசை. அம்மா தன்னைத் தனியாகக் கூப்பிட வேண்டும். எதிரே உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது கிடைக்காமல் திருப்பூர் திரும்புவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அதற்கு அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா கூட்டத்தில் பேச மாட்டாள். கேட்டால், “பேசினா தூங்கறாங்க. எழுதினா, தூங்கறது எனக்குத் தெரியாது பாருங்க,” என்பாள். வெள்ளிக்கிழமைதோறும் ஆசிரமத்தின் இணையப் பக்கத்தில் ஒரு பக்கம் எழுதுவாள். அங்கே தங்கியிருப்பவர்கள் மட்டும் திறக்கிற பக்கம் அது. கடைசி வரி வரைக்கும் படித்தவருக்கு அழைப்பு வரும். எப்படி வரும், என்ன சொல்லி வரும் என்பதை, வந்தவர் வராதவரிடம் சொல்லக் கூடாது.

மாரப்பன் ஒரு வாரம்கூடக் கடைசி வரிக்குப் போனதில்லை. போகிற வழியில்தான் தைலமும் மனையும் நிற்கின்றனவே! அம்மா எழுதியதில் வருகிற ஒரு பாட்டுக்கு அர்த்தம் பார்க்க வேறு தளத்துக்குப் போனால், மனுஷன் திரும்பி வந்தால்தானே?

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“லேப்டாப்பை எடுத்துட்டு வாங்க.”

எடுத்து வந்தார். அவளே பிரவுசரைத் திறந்து, ஒரு எக்ஸ்டென்ஷனைத் தேடி, போட்டுக் கொடுத்தாள். மேலே மூலையில் சின்னதாக ஒரு கேடயம் வந்து உட்கார்ந்தது.

“ஆட் பிளாக்கருங்க, விளம்பரத் தடுப்பான். இனி எவனும் உள்ள வரமாட்டான்.”

“ஆசிரமத்துல இதெல்லாம் போடலாமுங்களா அம்மா?”

“நம்ம ஆசிரமத்து வாசல்லயே இரும்புக் கேட்டு போட்டிருக்குதுங்களே அண்ணா. மாடு வந்துருமில்ல?”

அடேயப்பா, அன்றைக்கு மாரப்பன் பட்ட சந்தோஷம்! தைலம் போச்சு. மனை போச்சு. பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. சித்தர் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். ஒன்றும் புரியவில்லை. அது வேறு விஷயம். படித்து முடித்தாரா இல்லையா?

மறுநாள் சாப்பாட்டுப் பந்தியில் அம்மா கேட்டாள்.

“என்ன படிச்சீங்க அண்ணா?”

“முந்நூத்துச் சொச்சம் தடுத்திருக்குதுங்க அம்மா!”

கேடயத்தின் மேல் ஒரு எண் ஓடுமல்லவா, எத்தனை தடுத்தோம் என்று? மாரப்பனுக்கு அந்த எண்ணைப் பார்த்தால் ஆனந்தம். பாட்டு ஒரு வரி, எண் ஒரு பார்வை. எண் ஏறினால் தானே நின்று விரட்டியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

“கெட்டிக்காரருங்க நீங்க,” என்று சொல்லி அம்மா ரசம் ஊற்றினாள்.

கட்டிங் மாஸ்டர் கை சும்மா இருக்குமா? ஒரு நாள் அதன் செட்டிங்ஸுக்குள் போய்விட்டார். அங்கே போனால் ஒரு புதையலே இருக்கிறது. குக்கீப் பெட்டிகளைத் தடுக்கவா? தடு. கீழேயிருந்து எட்டிப் பார்க்கிற பெட்டிகளை? தடு. எரிச்சலூட்டும் மற்ற எல்லாவற்றையும்? அட, அதற்குத்தானே வந்தேன், தடு! எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தார். விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா எழுதியதைத் திறந்தார். ஆசிரமத்துக் கிணற்றைத் தூர் வாரிய கதை. ஒரு இடத்தில்கூட மனசு வெளியே போகவில்லை. கடைசி வரி வந்தது. படித்தார். முடிந்தது.

ஓட்டமும் நடையுமாக அம்மாவிடம் போனார்.

“அம்மா, இந்தத் தடுப்பான் பலே ஆளுங்க. உங்க பக்கத்துலயே ஒண்ணைத் தடுத்திருக்குதுங்க!”

“என் பக்கத்துலயா?”

“ஆமாங்க. தடுக்கப்பட்டது ஒன்றுன்னு போட்டிருக்குது. எந்தப் பய உள்ள பூந்தான்னு தெரியல. நல்லவேளை, பிடிச்சிருச்சு.”

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மாரப்பனும் கூடவே சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

“அது என்னன்னு பாத்தீங்களா அண்ணா?”

“தடுத்ததை எதுக்குங்க பாக்கோணும்?”

“அதுவும் சரிதானுங்க,” என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் சமையல்கட்டு ஜன்னல் வழியாக மாரப்பன் ஒன்றைக் கவனித்தார். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு கல் கிடக்கும். அம்மா அதில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரெண்டு டம்ளரில் சுக்குக் காபி. ஒன்றை அவள் குடித்தாள். இன்னொன்று அப்படியே இருந்தது. இருட்டத் தொடங்கியதும் அதை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட்டு எழுந்தாள்.

அடுத்த வெள்ளியும் ரெண்டு டம்ளர். அதற்கடுத்த வெள்ளியும்.

யாருக்காகக் காத்திருக்கிறாள்? யார் அந்தப் புண்ணியவான், அம்மாவையே காக்கவைக்கிறவன்? மாரப்பனுக்கு உள்ளுக்குள் எரிந்தது. நமக்கு ஒரு அழைப்பு வராதா என்று நாம் ஏங்குகிறோம், இங்கே ஒருத்தன் கூப்பிட்டும் வராமல் இருக்கிறானே! ஆள் மட்டும் கையில் கிடைக்கட்டும், நாலு கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

கார்த்திகையில் மரகதம் என்று ஒரு நர்ஸம்மா வந்து சேர்ந்தாள். வந்த ரெண்டாவது வெள்ளிக்கிழமையே அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்து, அழுத கண்ணும் சிரித்த வாயுமாக வந்தாள்.

“எப்படிம்மா வந்துச்சு?” என்று மாரப்பன் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

“சொல்லக்கூடாதுங்களே பெரியவரே.”

இப்போது ஆசிரமத்தில் அழைப்பு வராதவர் மாரப்பன் ஒருத்தர்தான். அவர் இன்னும் கவனமாகப் படித்தார். சில பக்கங்களை ரெண்டு தரம் படித்தார். மார்கழி போனது. தை பிறந்தது. பூசத்துக்கு முந்தின வெள்ளியும் வந்தது. படித்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசம். திங்கட்கிழமை மகள் வண்டியோடு நிற்பாள்.

அவருக்குத் தாங்க முடியவில்லை. அம்மாவைத் தேடிப் போனார். அவள் அடுப்பில் பனங்கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எங்கிட்ட என்னங்க குறை?”

“ஒரு குறையும் இல்லீங்களே.”

“வாராவாரம் கடைசி வரி வரைக்கும் படிக்கறேன். என் மனசு ஆடல, அசையல. விளம்பரமில்ல, பெட்டியில்ல, ஒரு தொந்தரவில்ல. நேத்து வந்தவங்களை எல்லாம் கூப்புட்டீங்க. என்னை ஏனுங்க கூப்பிடல?”

கேட்டுவிட்டு அழுதே விட்டார். அறுபத்து மூன்று வயசு மனுஷன், தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா திரும்பினாள்.

“கூப்புட்டனுங்களே.”

“எப்பங்க?”

“வாராவாரம்.”

அவ்வளவுதான் சொன்னாள். ரெண்டு டம்ளரை எடுத்துக் கழுவிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

மாரப்பன் தன் அறைக்கு வந்தார். வாராவாரமா? எங்கே? காதில் விழவில்லையே. கட்டிலில் லேப்டாப் திறந்தபடியே கிடந்தது. அம்மாவின் பக்கம். கீழே கடைசி வரி. மேலே மூலையில் கேடயம்.

தடுக்கப்பட்டது ஒன்று.

அவர் அந்த எண்ணைப் பார்த்தார். எப்போதும் பார்க்கிற எண்தான். அம்மாவின் பக்கத்தில் விளம்பரம் கிடையாது. தைலம் கிடையாது, மனை கிடையாது. பிறகு வாரம் தவறாமல் எதை அது தடுக்கிறது?

“அடப்பாவி,” என்றார் மாரப்பன், தன்னைத்தான்.

கேடயத்தைத் தொட்டு, ஆசிரமத்துப் பக்கங்களுக்கு மட்டும் வேண்டாம் என்று அணைத்தார். பக்கம் ஒருமுறை கண்சிமிட்டி மறுபடி வந்தது. கடைசி வரிக்கு இறக்கினார். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழேயிருந்து, தயங்கித் தயங்கி, மஞ்சளாக ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது.

“படிச்சாச்சுங்களா? தொட்டிக்குப் பக்கத்துல இருக்கேன். வாங்க.”

அவர் உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும். கை விடவில்லை. முந்தின வாரத்துப் பக்கத்தைத் திறந்தார். கீழே இறக்கினார்.

“மாரப்பண்ணா, நீங்க ஒருத்தருதான் பாக்கி. வாங்க.”

மார்கழிப் பக்கம்.

“இன்னிக்குக் கருப்பட்டி நல்லா அமைஞ்சிருக்குதுங்க. ஆறிப்போறதுக்குள்ள வாங்க.”

அதற்கும் முந்தினது.

“இன்னிக்கும் வரலைன்னா பரவாயில்லீங்க. அடுத்த வெள்ளி பாக்கலாம்.”

கார்த்திகைப் பக்கம்.

“வெளியில மழைங்க அண்ணா. குடையோட வாங்க.”

அந்த மழை மாரப்பனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜன்னல் ஓரம் நின்று, தொட்டிப் பக்கம் ஒரு குடைக்கடியில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். எந்த மடையன் இவளை இப்படிக் காக்கவைக்கிறான் என்று வாய்விட்டே திட்டினார்.

கிணறு தூர் வாரிய பக்கத்துக்கும் போனார். முதல் பெட்டி அது.

“யாருங்க அது, கடைசி வரிக்கு வந்தது? வாங்க வாங்க.”

மாரப்பன் லேப்டாப்பை மூடினார். கண்ணைத் துடைத்தார். எழுந்து கதவு வரைக்கும் போனவர், என்ன தோன்றியதோ, திரும்பி வந்து ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வெளியே பூச நிலா வளர்ந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. கல்லில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரெண்டு டம்ளர், ரெண்டிலும் ஆவி.

அவர் எதிரே போய் நின்றார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“குடை எதுக்குங்க அண்ணா? மழை விட்டு ஒன்றரை மாசம் ஆச்சுங்களே.”

“தெரியுமுங்க அம்மா,” என்றார் மாரப்பன். “இப்பத்தான் படிச்சேன்.”