ஒரு ரூபாய் குறைவாக

மழை மூட்டம் போட்டிருந்த ஒரு மத்தியானம் செங்கோடன் மடத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தார். ஈரோட்டில் மஞ்சள்தூள் வியாபாரம். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் விஷயம் கைமீறிப் போனால் இங்கேதான் வருவார்.

"முகம் சரியில்லையே," என்றார் குரு.

"ஜெயிச்சுட்டேனுங்க சாமி. அதுதான் வினையாப் போச்சு."

"யாரை?"

"நல்லமுத்துவை."

நல்லமுத்துவுக்கும் அதே தெரு, அதே வியாபாரம். போட்டிதான், ஆனாலும் இருவர் மஞ்சளும் ஒரே மில்லில் அரைபட்டு ஒரே வண்டியில் ஏறிப் போகும். பிறகு இருவரும் செல்போன் செயலியில் கடை விரித்தார்கள். அங்கே ஒரு வசதி இருந்தது. நல்லமுத்து என்ன விலை வைத்தாலும் தன் விலை அதைவிட ஒரு ரூபாய் குறையட்டும் என்று செங்கோடன் அதில் பதிந்து வைத்தார். ஊரில் மூளை உள்ளவன் தான் ஒருவன்தான் என்று நினைப்பு. நல்லமுத்துவும் அதையேதான் செய்திருந்தார். இருவரும் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, விலை தானாக இறங்கிக்கொண்டே போனது.

ஒருநாள் நல்லமுத்து வந்து கதவைத் தட்டினார். "மாப்ள, ரெண்டு பேரும் அதை எடுத்துரலாம். இல்லீன்னா ரெண்டு பேரும் தெருவுக்கு வந்துருவோம்."

"சரின்னு சொல்லி, காப்பி குடுத்து அனுப்புனேனுங்க," என்றார் செங்கோடன். "அவன் அன்னிக்கே எடுத்துட்டான்."

"நீங்க?"

"ஒருநாள் பொறுத்து எடுக்கலாம்னு இருந்தேன். ஆர்டர் வந்து கொட்டுச்சு. அப்புறம் கை வரலீங்க."

நல்லமுத்து கடையைச் சாத்திவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். ஒருவர் மூட்டையை மட்டும் நம்பி ஓட்ட முடியாமல் மில்காரரும் மூடிவிட்டார். அடுத்த வாரம் செயலிக்காரர்களே தங்கள் பெயரில் மஞ்சள்தூளை இறக்கினார்கள். செங்கோடனைவிட ஒரு ரூபாய் குறைவு. இவர் குறைத்தால் அதுவும் குறைந்தது. இந்த மாதத்தோடு கடை அவ்வளவுதான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஐயோ பாவம் என்று சொல்ல மனசு வராதுதான்; அந்த முகத்தைப் பார்த்தால் சொல்லத் தோன்றும்.

"இப்ப நான் என்ன பண்றதுங்க சாமி?"

"நல்லமுத்து பண்ணதையே பண்ணுங்க. நேர்ல போய், ரெண்டு பேரும் நிறுத்திக்கலாம்னு கேளுங்க."

"யாரு ஊட்டுக்குப் போறதுங்க?"

"ஒரு ரூபாய் குறைச்சு விக்கறவர் வீட்டுக்கு."

"அதுக்கு ஊடு ஏதுங்க? ஆள் பேருகூடத் தெரியாது. எழுதித்தான் கேட்டேன்." செங்கோடன் செல்போனை எடுத்து நீட்டினார்.

தினமும் எழுதியிருந்தார். முதலில் கணக்காக, பிறகு கோபமாக, கடைசியில் கெஞ்சலாக. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே பதில் இருந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி.

குரு மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுச் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லமுத்துவுக்குத் தட்டறதுக்கு உங்க கதவாவது இருந்துச்சு," என்றார்.