லேசான கால்ஷீட்

குரு என்றதும் உங்களுக்குக் காவியும் தாடியும் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. சவரிமுத்து மாஸ்டர் லுங்கியும் கைவைத்த பனியனுமாகத்தான் இருந்தார். வீடு சாலிகிராமத்தில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு காலத்தில் சினிமாப் பாட்டுக்கு நாற்பது வயலின்காரர்களை வரிசையாக உட்கார வைத்து, தானும் அவர்களோடு உட்கார்ந்து வாசித்தவர். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறார்.

சீடனும் ஒன்றும் சின்னப் பையன் இல்லை. பொன்னரங்கனுக்கு ஐம்பத்தாறு வயது. மாஸ்டரிடம் வயலின் கற்றவன், பிறகு கீபோர்டு வாங்கி இசையமைப்பாளர் ஆனவன். தொண்ணூறுகளில் ஆட்டோ, டீக்கடை, கல்யாண மண்டபம், எங்கே திரும்பினாலும் அவன் பாட்டுதான். சும்மா சொல்லக் கூடாது, சக்கைப் போடு போட்டான். இப்போது சில வருஷங்களாகப் படம் இல்லை.

அவன் ஒரு மத்தியானம் மாடியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தான்.

"மாஸ்டர், ஒரு கேள்வி."

"தண்ணி குடிச்சிட்டுக் கேளு."

குடித்தான்.

"பாட்டோட சவுண்டு ஏன் மாஸ்டர் பத்து வருஷத்துக்கு ஒருக்கா மாறித் தொலையுது?"

"பாட்டை எதுல கேக்கறாங்களோ அதுக்குத் தகுந்தாப்புல மாறுது. வால்வு ரேடியோவுக்குக் கிளாரினெட் எடுப்பா இருந்துச்சு. ஸ்டீரியோ ரெக்கார்டு வந்ததும் நாற்பது வயலின் கேட்டாங்க. கேசட்டு வந்துச்சு, பஸ்ஸுல பெரிய ஸ்பீக்கர் வச்சாங்க, உன் டமுக்கு டமுக்கு வந்துச்சு. இப்ப எல்லாம் செல்போன். இதைக் கேக்கவா மூணு மாடி ஏறி வந்தே?"

அதற்காக வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரித்விக்னு ஒரு பையன். இப்ப அவன்தான் மார்க்கெட். எல்லாம் லேப்டாப்புலயே பண்றான். காலைல போன் பண்ணினான். 'சார், இப்ப உங்க நைன்டீஸ் சவுண்டுதான் ட்ரெண்டு, உங்க பழைய கீபோர்டோட நாளைக்கு ஸ்டுடியோவுக்கு வாங்க'ன்னான்."

"நல்ல சேதிதானே. பாட்டுக்கு வாசிக்கவா?"

"பாட்டு இல்ல மாஸ்டர். ஒவ்வொரு கட்டையா அழுத்தி, ஒவ்வொரு ஸ்வரமா நீட்டி வாசிக்கணுமாம். அவன் ரெக்கார்டு பண்ணி வச்சுக்கிட்டு, வேணுங்கற பாட்டுக்கெல்லாம் லேப்டாப்புலயே ஒட்டிக்குவானாம். படத்துல 'நன்றி'ன்னு பேர் போடுறேன்னான்."

மாஸ்டர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

"கொடுத்துட்டா என் சவுண்டு அவன்கிட்டப் போயிடும். அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்? கொடுக்கலேன்னா, இப்பவே கூப்பிட நாதியில்ல. போகட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்றபடி செய்யறேன்."

மாஸ்டர் அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு கதை சொன்னார். குருமார்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

"வயலின்காரங்க நாற்பது பேர் இருந்தாங்க. ஒரு நாள் அவங்களுக்கு ஒரு கால்ஷீட் வந்துச்சு. ஸ்டுடியோவுக்குப் போனா நோட்ஸே இல்ல, ஸ்டாண்டெல்லாம் காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து மியூசிக் டைரக்டர் சொன்னார், 'ஸ வாசிங்க.' வாசிச்சாங்க. 'போதும், ரி வாசிங்க.' அதையும் வாசிச்சாங்க. நம்ம ஆளுங்களுக்கு ஒத்தை ஸ்வரம்னா என்ன? சுதி சேக்கறது. சரி, மைக்கைச் சரி பாக்கறாங்க போலன்னு நினைச்சுட்டாங்க. இப்ப பாட்டு வரும், இப்ப பாட்டு வரும்னு காத்துக்கிட்டே வாசிச்சாங்க. சாயங்காலம் 'பேக்கப்'னு சொல்லிட்டாங்க."

பொன்னரங்கன் கையிலிருந்த காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளியே வந்ததும் எல்லாருக்கும் ஒரே குஷி. ஒருத்தன் தப்பு பண்ணினா நாற்பது பேரும் திரும்ப வாசிக்கணுமேங்கிற பயமில்ல. 'இவ்வளவு லேசான கால்ஷீட் என் சர்வீஸ்லயே பாத்ததில்ல'ன்னான் ஃபிலோமின்ராஜ். பின் வரிசைல உக்காருவானே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அந்த மியூசிக் டைரக்டரோட கையைப் பிடிச்சு நன்றி வேற சொன்னான், பாவி. அதுக்கப்புறம் அவனுக்குக் கால்ஷீட்டே வரல. எவனுக்குமே வரல. அன்னிக்கு ரெக்கார்டு பண்ணின ஸ்வரமா நாற்பது பேரும் கீபோர்டுக்குள்ள போய்ட்டாங்க. ஃபிலோமின் சாகற வரைக்கும் கூரியர் ஆபீஸ்ல கவர் ஒட்டிக்கிட்டு இருந்தான்."

"அந்த மியூசிக் டைரக்டர் நான்தானே மாஸ்டர். கதை எதுக்கு? நேராவே திட்டிடுங்க."

"திட்டணும்னா அன்னிக்கே திட்டியிருப்பேன். நீ பண்ணலேன்னா இன்னொருத்தன் பண்ணியிருப்பான். கிளாரினெட்காரர் வயித்துல அடிச்சுத்தான் நானும் நாற்பது வயலினோட உள்ளே போனேன். அவர் எவன் வயித்துல அடிச்சாரோ."

"அப்ப அவ்வளவுதானா? சவுண்டு மாறும், ஆள் போவான், வேற ஒண்ணும் இல்லியா?"

"அவ்வளவோட போயிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்குமே."

மாஸ்டர் எழுந்துபோய் வயலினை எடுத்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நீளமான, வழவழப்பான ஓசை. அதில் குழைவும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஒரு ஸ்வரம் முடிந்த இடத்தில் அடுத்தது சட்டென்று ஆரம்பித்தது.

"இது என்ன?"

"வயலின், மாஸ்டர்."

"நல்லாக் கேளு."

மறுபடி வாசித்தார். பொன்னரங்கனுக்கு முகம் செத்துப்போனது.

"இது என் கீபோர்டு."

"ஆமா. ஸ்டுடியோ வேலை போனதும் கல்யாண ரிசப்ஷனுக்கு வாசிக்கப் போனேன். மேடைல பாடறவன் சொல்றான், 'பெரியவரே, நீங்க இழுக்கறது பழசா இருக்கு, கேசட்டுல வர்ற மாதிரி வாசிங்க.' கேசட்டுல இருக்கறது யாருடா? நான்தானே! என்னைத் துண்டு துண்டா அறுத்து ஒட்டினதுதானே! என்ன பண்றது, வயிறுன்னு ஒண்ணு இருக்கே. உன் கீபோர்டு மாதிரியே வாசிக்கக் கத்துக்கிட்டேன். ரொம்ப வருஷம் அப்படித்தான் வாசிச்சேன். இப்ப என் பழைய கை வரமாட்டேங்குது, ரங்கா. பிள்ளைங்க போனதும் கதவைச் சாத்திக்கிட்டுத் தேடிப் பாக்கறேன். வரவே மாட்டேங்குது."

பொன்னரங்கன் அழுதுவிட்டான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதான்.

"உங்க கை என்கிட்ட இருக்கு மாஸ்டர். அன்னிக்கு ரெக்கார்டு பண்ணினதை அப்படியே பத்திரமா வச்சிருக்கேன். கொண்டு வந்து தர்றேன். போட்டுக் கேட்டுக்கிட்டே வாசிங்க, வந்துடும்."

"அதுல என்ன இருக்கு?"

"ஸ இருக்கு, ரி இருக்கு, எல்லாமே இருக்கு."

"ஸவிலேருந்து ரிக்கு நான் எப்படிப் போவேன்னு இருக்கா?"

அவன் யோசித்துப் பார்த்தான். ஒவ்வொரு ஸ்வரத்தையும் 'போதும்' என்று நிறுத்தியது அவன்தான்.

"இல்ல மாஸ்டர்."

"அன்னிக்கு அது உனக்குத் தேவைப்படல. நானும் கொடுக்கணும்னு நினைக்கல."

மாஸ்டர் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பேசிக்கொண்டே படியேறும் சத்தம் கேட்டது. பொன்னரங்கன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனாலும் அவனுக்குக் கேட்காமல் போக முடியவில்லை.

"நாளைக்கு நான் போகட்டுமா, மாஸ்டர்?"

"போ. அவன் கேக்கறதையெல்லாம் கொடு. வீட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டை எடுத்து உனக்குன்னு முழுசா வாசி. அன்னிக்கே வாசிச்சுடு. அந்தக் கால்ஷீட் முடிஞ்சு வந்த ராத்திரி நான் மறுநாள் பாத்துக்கலாம்னு படுத்துட்டேன்."