நரி மாட்டிய அறிவிப்பு

நரிக்குச் சொந்தமாக ஒரு குளம் இருந்தது. சுற்றிலும் மூங்கில் அடர்ந்து மேலேயும் மூடியிருந்ததால், பறவைகள்கூட அங்கே நடந்துதான் போக வேண்டும்.

"யாரும் வரலாம், மீன் பிடிக்கலாம்! பிடிப்பதில் பாதி எனக்கு!" என்று நரி காடெங்கும் கூவியது.

தினமும் ஒரு கொக்கு அங்கே வந்தது. கூட்டில் அதற்கு மூன்று குஞ்சுகள். மூன்றுக்கும் எப்போதும் பசி.

ஒரு நாள் காலை, வழியில் இருந்த பள்ளத்தில் கொக்கு கால் வைத்தது. கால் ஒடிந்துவிட்டது!

"ஐயோ, என் பிள்ளைகளுக்கு இனி யார் மீன் பிடிப்பார்கள்?" என்று கொக்கு அழுதது.

"ஏன் அழுகிறாய்? நீ எப்போதும் ஒற்றைக் காலில்தானே நிற்கிறாய்? இன்னொரு கால் எதற்கு?" என்றது நரி.

வழக்கு கரடியின் சபைக்குப் போனது. குஞ்சுகளும் பின்னாலேயே போயின.

"ஐயா, நான் நேற்றே பலகை மாட்டிவிட்டேன். 'விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்!" என்றது நரி.

"அதை அண்ணாந்து படித்துக்கொண்டே நடந்தேன். அதனால்தான் விழுந்தேன்!" என்றது கொக்கு. "தினமும் அதே வழியில்தான் போகிறேன் ஐயா. அங்கே பள்ளம் இருப்பதே எனக்குத் தெரியாது!"

கரடி காதைச் சொறிந்தது. "நல்ல பலகை. எங்கே கிடைத்தது?"

நரிக்குப் பெருமை தாங்கவில்லை. "செலவே இல்லை ஐயா! அந்தப் பள்ளத்தின் மேல் சும்மா மூடிக் கிடந்தது. எடுத்து எழுதிவிட்டேன்!"

சபையே சிரித்தது. நரிக்கு மட்டும் ஏன் என்று புரியவில்லை.

"பலகையைக் கழற்றிப் பழைய இடத்தில் போடு. கொக்கின் கால் கூடும்வரை குஞ்சுகளுக்கு நீதான் மீன் பிடித்துத் தர வேண்டும்!" என்றது கரடி.

"நானா? குளத்துப் படியெல்லாம் பாசி! வழுக்கி விழுந்தால்?"

"அறிவிப்பைப் படித்துவிட்டு இறங்குங்கள், நரி மாமா!" என்று கத்தியது கடைசிக் குஞ்சு.

நரி முதலில் பாசியைச் சுரண்டியது. பிறகுதான் குளத்தில் இறங்கியது.

பிறரைத் தன் இடத்துக்கு அழைப்பவர் அவர்கள் நடக்கும் வழியைச் சரிசெய்ய வேண்டும். அறிவிப்பு மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது.