மாசிலாமணி படி மிதிக்கக் கூடாது

கொற்றனூர் ராஜாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். சாப்பிட்டு எழுந்த கையோடு யாராவது ஓலையை நீட்டினால் படிக்காமலே முத்திரை குத்திவிடுவார். குதிரை லாயத்து அதிகாரி திருவாழிக்கு அது நன்றாகத் தெரியும்.

திருவாழிக்கும் அவன் அப்பா மாசிலாமணிக்கும் சண்டை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. பேரனின் காதுகுத்து விருந்தில், பாயசத்துக்கு இனிப்புப் போதவில்லை என்று கிழவர் பந்தியில் வைத்தே சொல்லிவிட்டார். பிள்ளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே, "மாசிலாமணி திருவாழி வீட்டுப் படி மிதிக்கக் கூடாது" என்று எழுதி முத்திரை வாங்கிவிட்டான். வாசலில் காவலனும் வந்து நின்றான்.

கிழவர் ஒரு மாதம் தெருமுனையில் நின்று பேரனை எட்டி எட்டிப் பார்த்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. அரசவை விகடர் குழைக்காதரிடம் போய் அழுதேவிட்டார். பேரனைப் பார்க்கத் தாத்தாவுக்கு உரிமை உண்டென்று சட்டத்தில் ஒரு வரிகூடவா இல்லை என்று கேட்டார். இல்லைதான் என்றார் குழைக்காதர்.

"அது கிடக்கட்டும். பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?"

"வழக்கப்படி என் பெயர்தான். மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாளே, அதனால் பட்டு என்று கூப்பிடுவாள். இப்போது ஊருக்கே அவன் பட்டுதான்."

குழைக்காதர் சிரித்துக்கொண்டே மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று மாலை விளையாடிவிட்டு வந்த பட்டுவைக் காவலன் வாசலில் மறித்தான். குழைக்காதர் சொல்லிக் கொடுத்தபடி முழுப்பெயரைக் கேட்டான். பையன் சொன்னான். ஓலையில் இருக்கும் பெயராயிற்றே, உள்ளே விடமுடியாது என்றான் காவலன். பட்டு அலட்டிக்கொள்ளவில்லை. நேரே தாத்தா வீட்டுக்குப் போய் மூன்று தோசை தின்றான்.

மறுநாள் அப்பா, பிள்ளை, பேரன் மூவரும் சபையில் நின்றார்கள். ஆணை கிழவருக்குத்தான், குழந்தைக்கு அல்ல என்று திருவாழி குதித்தான். குழைக்காதர் ஓலையைக் காட்டினார். அதில் பெரியவர், சின்னவர் என்று எதுவும் இல்லை. ராஜா தலையைச் சொறிந்தார்.

"அப்படியானால் பெயரே வேண்டாம் அரசே. 'அப்பா படி மிதிக்கக் கூடாது' என்று மாற்றிவிடுங்கள்" என்றான் திருவாழி.

குழைக்காதர் மளமளவென்று எழுதி நீட்டினார். ராஜா வழக்கம்போலக் குத்தினார்.

குழைக்காதர் பட்டுவைப் பக்கத்தில் அழைத்தார். "தம்பி, உங்கள் வீட்டில் அப்பா யார்?"

பட்டு திருவாழியைக் கை காட்டினான்.

"அப்போ அதிகாரிக்கு இன்று முதல் லாயத்தில்தான் படுக்கை" என்றார் குழைக்காதர்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருவாழி அசடு வழிய நின்று, ஓலையைக் கிழித்துவிடும்படி தானே கேட்டுக்கொண்டான். குழைக்காதருக்கு ஒரு ஜோடி சால்வை கிடைத்தது.

அன்று மதியமே மாசிலாமணி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். மருமகள் பாயசம் வைத்திருந்தாள். அன்றைக்கும் இனிப்புப் போதவில்லை. கிழவர் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார், மூச்சு விடவில்லை.