மேல்பாதி மடித்த தாள்

சிரிக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். கவுன்சிலர் தணிகாசலம் தொண்டையைச் செருமி முடிக்கட்டும்.

டீக்கடைச் செங்கமலத்தின் மகள் கபடி பழகும் திடலில் கடைகள் கட்ட அவருக்கு ஆசை. வார்டு கூட்டத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி, பிறகு மேலே தீர்மானத்தை எழுதிக்கொள்வது அவர் வழக்கம்.

“ஏம்மா செங்கமலம், டீயோட கையெழுத்தும் வாங்கிடு. ஒருத்தரையும் விடக் கூடாது!”

“சரிங்க தலைவரே.”

வாங்கி வந்தாள். தாளின் மேல்பாதி மடிந்திருந்தது. “எல்லாரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

“நான் இல்லாமலா?” வளைத்து வளைத்துக் கையெழுத்திட்டார் தலைவர்.

அவள் தாளை, கூட்டத்துக்கு வந்திருந்த நகராட்சி அதிகாரியிடம் நீட்டினாள். அவர் மடிப்பைப் பிரித்து மைக்கில் வாசித்தார்: “திடலில் கடை வேண்டாம். அது பிள்ளைகளுக்கே. ஏகமனதாகத் தீர்மானம்.”

கூட்டம் கைதட்டியது. எந்தக் கைதட்டலும் தனக்குத்தான் என்ற பழக்கத்தில் தலைவரும் தட்டினார். மூன்றாவது தட்டில் கை அந்தரத்தில் நின்றது.