சாய்ந்தான்பொத்தைக்கு இன்வெர்ட்டர் வந்த கதை

மலையடிவாரத்தில், பஸ் திரும்பிப் போகிற இடத்தை ஒட்டி, சாய்ந்தான்பொத்தை என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள் என்பதில்தான் சங்கடமே.

ஊருக்குக் கரண்டு கிடையாது. ஒரு காலத்தில் கம்பம் நட ஆட்கள் வந்து, எந்தப் பக்கமிருந்து கம்பி இழுக்கலாம் என்று கேட்டார்கள். கிழக்கேயிருந்து இழுத்தால் நல்ல கரண்டையெல்லாம் கிழக்குத் தெருக்காரன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் விடுவான் என்றது மேற்குத் தெரு. மேற்கேயிருந்து இழுத்தால் என்ன ஆகும் என்பதைக் கிழக்குத் தெரு சொன்னது. இவர்கள் பேசி முடிப்பதற்குள் கம்பம் நட வந்தவர்களுக்குப் பணி ஓய்வு வந்துவிட்டது.

ஆனாலும் ஊரில் மெஷின்களுக்குக் குறைச்சல் இல்லை. வீட்டுக்கு வீடு, கல்யாணச் சீராக வந்த கிரைண்டரும் மிக்ஸியும் ஃபேனும் மூலையில் துணி போர்த்திக்கொண்டு இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். அதற்கு மேல் அவற்றுக்கு வேலை கொடுத்தது கிடையாது.

இந்த ஊரில்தான் கொம்பையா இருந்தார். நல்ல மனுஷன், இட்லி என்றால் உயிர். அவர் மனைவி சொர்ணவடிவு பக்கத்து ஊர்க்காரி, கரண்டு பார்த்து வளர்ந்தவள். ஆட்டுரலில் மாவாட்டி ஆட்டித் தோள்பட்டை இற்றுப்போய், ஒருநாள் இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அந்தக் கிரைண்டருக்கு நானும் வெள்ளி தவறாம பொட்டு வச்சிக்கிட்டுத்தான் வாரேன். அது எனக்கு ஒரு உழக்கு அரிசி ஆட்டிக் குடுத்திருக்கா? கிரைண்டரும் ஓடணும், கெணத்துல சும்மாக் கெடக்க மோட்டாரும் ஓடணும். ரெண்டும் ஒண்ணா ஓடுதுன்னு ஆள் விடுங்க. அடுத்த பஸ்ல வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது நியாயம் என்று கொம்பையாவுக்கே பட்டது. தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கஞ்சியும் அடிப்பிடித்திருந்தது. எந்தக் கஷ்டம் எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை.

டவுனில் சோலார் கடைக்காரரைப் போய்ப் பார்த்தார். புதுசாகப் பெரிய இன்வெர்ட்டர் ஒன்று வந்திருக்கிறது, கிரைண்டர், மோட்டார், ஃபிரிட்ஜ் எதுவானாலும் தாங்கும், ஒருநாள் வைத்து ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். மறுநாளே பிலவேந்திரன் என்ற மெக்கானிக் வேனில் வந்து, முற்றத்தில் பேனலை நிறுத்தி, பேட்டரி வைத்து, வாசற்படிக்குப் பக்கத்துச் சுவரில் இன்வெர்ட்டரை மாட்டினார்.

இங்கே அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாராவது நீளமாக எதையாவது சொன்னால் அங்கே ஒரே ஆள் கேட்டுக்கொள்ள மாட்டான். தலைக்கு ஒரு சேதி என்று பங்கிட்டுக்கொள்வார்கள். தன் சேதியை மறக்கவும் கூடாது, அடுத்தவன் சேதியில் தலையிடவும் கூடாது. கல்யாணத்துக்கு அழைக்கப் போனால்கூட ஒருவன் தேதி சொல்வான், ஒருவன் இடம் சொல்வான். இடையில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் அந்தக் கல்யாணத்துக்கு வெளியூர் ஆள் வராது.

அதனால் மெக்கானிக் பேச ஆரம்பித்ததும் கொம்பையாவும் மூன்று சிநேகிதர்களும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"பேனல் மேல தூசி படியவே கூடாது" என்றார் பிலவேந்திரன்.

"அது எனக்கு" என்றார் சுடலைக்கண்ணு.

"இருக்கிற மெஷினையெல்லாம் ஒண்ணாப் போட்டுப் பாருங்க. அப்பத்தான் தாங்குதா தாங்கலையான்னு தெரியும்."

"எனக்கு" என்றார் மாடக்கண்ணு.

"பெட்டி சூடேறக் கூடாது. நல்லாக் காத்துப் படணும்."

ஊய்க்காட்டான் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு. இப்பப் பச்சை லைட் எரியுதுல்லா, அது சிவப்பா மாறிச்சுன்னா மெஷினுக்குக் கஷ்டம்னு அர்த்தம். உடனே எல்லாத்தையும் நிறுத்திரணும். இல்லன்னா கருகிப் போவும்."

மிச்சம் இருந்தது கொம்பையாதான். அவர் அதைக் கண்ணை மூடி ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு பொறுப்பான ஆட்களைத் தான் பார்த்ததே இல்லை என்று மெக்கானிக் மெச்சிவிட்டு, நாளைச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் காலையில் பச்சை விளக்கு கண்ணுக்குக் குளிர்ச்சியாக எரிந்தது. கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை. மெஷின் ஓடுது, கிளம்பி வா என்று பஸ் கண்டக்டரிடம் சொர்ணவடிவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் சோதனையை ஆரம்பித்தார்கள்.

முதலில் சுடலைக்கண்ணு. தெருவில் ஒரு டிராக்டர் போய்ப் புழுதி கிளம்பியதும் வீட்டுக்கு ஓடி, பெரிய ஜமுக்காளத்தை எடுத்துவந்து பேனல் முழுக்கப் போர்த்தி, நான்கு மூலையையும் இழுத்துக் கட்டினார்.

கொம்பையாவுக்கு லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. "வேய், அதுல வெயிலு பட வேண்டாமா?"

"எனக்குத் தூசின்னுதான் சொன்னாரு. வெயிலு யாரு பங்கு?"

நான்கு பேரும் அவரவர் பங்கை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். வெயில் யார் பங்கிலும் இல்லை.

"சொல்லாத காரியத்தை நாமளாச் செய்யக் கூடாது" என்றார் ஊய்க்காட்டான். அதோடு வெயில் விஷயம் முடிந்தது.

அடுத்து மாடக்கண்ணு. ஊரில் இருந்த மெஷினையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கிரைண்டர்கள், மிக்ஸிகள், இஸ்திரிப் பெட்டிகள் எல்லாம் பொட்டு அழியாமல் முற்றத்தில் வரிசை கட்டி நின்றன. கொம்பையாவின் கிரைண்டருக்கு மட்டும் ஊறப்போட்ட அரிசி இருந்தது. மற்றவை எல்லாம் சும்மாவே சுற்றின. கிணற்று மோட்டாரும் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தில் ஊரிலிருந்த கோழி பூராவும் மலையேறிவிட்டது.

ஊய்க்காட்டான் இன்வெர்ட்டரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. ஒரு ஃபேனைக் கொண்டுவந்து, அந்த இன்வெர்ட்டரிலேயே சொருகி, அதற்கு நேராகத் திருப்பி வைத்தார். சற்றுப் பொறுத்துத் தொட்டால் இன்னும் கூடுதலாகச் சுட்டது.

"காத்துப் பத்தல" என்றார்.

இன்னொரு ஃபேன் வந்தது. சூடு ஏறியது. மூன்றாவதும் வந்தது. நான்காவது ஃபேனைச் சொருகினாரோ இல்லையோ, பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்து, பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

கொம்பையா இந்தச் சமயத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பெருமை. மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்து, "சிவப்பு. எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினார்கள். ஊய்க்காட்டான் ஃபேனைப் பிடித்தபடி நின்றார். மாடக்கண்ணு ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். ஜமுக்காளத்தின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்த சுடலைக்கண்ணு குனிந்தபடியே நின்றுவிட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கிரைண்டரும் மிக்ஸியும் மோட்டாரும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"கொம்பையா, மெஷினு ஓடுதே" என்றார் மாடக்கண்ணு, வாயை மட்டும் அசைத்து.

"மெஷினு உம்ம பங்கு வே. நான் தலையிடக் கூடாது."

"போய் அமத்தணும்னா நடக்கணும். நடையைத்தான் நிறுத்தியாச்சே."

"பேச்சையும் நிறுத்தணும்லா?" என்று குனிந்த வாக்கில் கேட்டார் சுடலைக்கண்ணு.

"பேச்சும் ஒரு காரியந்தான்" என்றார் ஊய்க்காட்டான்.

"அப்ப நீரு இப்பப் பேசுதீரே?"

"நிறுத்துறதுக்காகப் பேசுதேன். அது கணக்குல வராது."

அத்துடன் பேச்சும் நின்றது. பெட்டி விடாமல் கத்தியது. கொம்பையாவுக்கு யோசனை ஓடியது. பெட்டி கருகிப்போனால் கிரைண்டர் ஓடாது. கிரைண்டர் ஓடாவிட்டால் பஸ்ஸில் வருகிறவள் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவாள். தான்தான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோமே, பிறகும் ஏன் இந்தச் சிவப்பு போகமாட்டேன் என்கிறது என்று அவருக்கு அழுகையே வந்தது. அழுவதும் ஒரு காரியம் என்பதால் அதையும் நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் சொர்ணவடிவு பையோடு வந்து சேர்ந்தாள். முற்றத்தில் ஊரே சிலையாக நிற்பதைப் பார்த்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

கொம்பையா இன்வெர்ட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி இன்வெர்ட்டரைப் பார்த்தார். வேறு எதுவும் செய்வதற்கு அவருக்கு அனுமதி இல்லை.

அவளுக்கு இந்த ஊரைப் பற்றித் தெரியும். பையைக் கீழே வைத்தாள். கிரைண்டர், மோட்டார் இரண்டையும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். ஃபேன்களைப் பிடுங்கினாள். ஜமுக்காளத்தை உருவி எறிந்தாள். வெயில் பேனலில் பளீரென்று விழுந்தது. பெட்டி கத்தலை நிறுத்தியது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

கிரைண்டர் வெண்ணெய் மாதிரி மாவு ஆட்டியது. மோட்டார் தொட்டியில் தண்ணீர் கொட்டியது. சொர்ணவடிவு மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா ஆட்டுதே" என்று சிரித்தாள். கொம்பையாவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நிறுத்தி வைத்திருந்த அழுகையை அப்போதுதான் அழுது முடித்தார்.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். நான்கு பேரும் வரிசையாக நின்று அவரவர் பங்கை ஒப்பித்தார்கள்.

"ஒரு துளித் தூசி படியல."

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பாத்தாச்சு."

"காத்துக்குக் கொறையே வைக்கல."

"சிவப்பு எரிஞ்சுது, எல்லாத்தையும் நிறுத்தினேன். என் வீட்டுக்காரி வந்தா, பச்சை எரிஞ்சுது" என்றார் கொம்பையா.

கிரைண்டரும் மோட்டாரும் ஒன்றாக ஓடுவதைப் பார்த்த மெக்கானிக்குக்குக் கடைசி வாக்கியத்தை ஆராயத் தோன்றவில்லை. மெஷின் அவர்களுக்கே என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனார். ஆனால் மற்ற மூவரும் ஆராய்ந்தார்கள்.

"நாம அத்தனை பேர் நின்னும் பச்சை வரல. அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்ததும் வந்துட்டுது" என்றார் மாடக்கண்ணு.

"அப்ப நம்ம வீட்டுக்கும் இப்படி ஒரு மெஷினு வேணும்னா?" என்றார் சுடலைக்கண்ணு.

ஊய்க்காட்டான் தாடையைத் தடவினார். "திரும்பி வரணும்னா மொதல்ல போகணும்லா."

மறுநாள் காலை பஸ்ஸில், சொர்ணவடிவைத் தவிர, சாய்ந்தான்பொத்தைப் பெண்கள் அத்தனை பேரும் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டார்கள். எதற்கு என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. கேட்டால் எங்கே புருஷன்மார் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

பஸ் போனபிறகுதான் ஆண்களுக்குப் பசி தெரிந்தது. ஊரில் அடுப்பு எரிகிற ஒரே வீடு கொம்பையாவின் வீடு. ஆளுக்கொரு தூக்குவாளியோடு வந்து முற்றத்தில் வரிசையில் நின்றார்கள். கொம்பையா எல்லோருக்கும் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கிரைண்டர் ஆட்டியது, மோட்டார் தண்ணீர் ஊற்றியது. ஆனால் இட்லியை ஊற்றுவதும் எடுப்பதும் சொர்ணவடிவின் கைகள்தான். ஈடு ஈடாக எடுத்துப் போட்டாள். வரிசை குறையவில்லை. சாப்பிட்டவர்களே பின்னால் போய் மறுபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

தோளைப் பிடித்தபடி வாசற்படிக்கு வந்து வரிசையின் நீளத்தைப் பார்த்தாள். பிறகு நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, இன்வெர்ட்டரில் எரிந்த பச்சை விளக்கின் மேல் ஒட்டினாள்.

"என்னங்க, அங்க பாருங்க" என்றாள்.

இட்லியைச் சட்னியில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோன கொம்பையா தலையைத் தூக்கினார். "சிவப்பு. எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார்.

முற்றம் அடங்கியது. தூக்குவாளிகள் அசையவில்லை. சொர்ணவடிவு ஒரு தட்டில் சூடாக நான்கு இட்லி வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டாள். கையைக் கழுவினாள். பாயை விரித்துப் படுத்தாள்.

கொம்பையாவின் கையில் இட்லி வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. சட்னி முழங்கை வழியாக வழிந்தது. ஆனாலும் அவருக்கு மெஷினை நினைக்க நினைக்கப் பெருமை தாங்கவில்லை. நேற்று அதற்குக் கஷ்டம் வந்தபோதுதான் சிவப்பு எரிந்தது. இன்றைக்குச் சொர்ணவடிவுக்குத் தோள் வலித்ததற்கே எரிந்துவிட்டதே. இவ்வளவு நல்ல மெஷின் என்று மெக்கானிக்குக்கே தெரிந்திருக்காது, அவசியம் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தார், பச்சை வந்ததும்.