குளத்து மோட்டார்

"அம்மா, மோட்டாருக்குக் காயில் கட்டிச் சரிபண்ணலாமா, புதுசு வாங்கிடலாமா?" என்று கேட்டார் தருமலிங்கம்.

ஆசிரமத் தோட்டத்துக் குளத்தில் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டிருந்த மோட்டார் அன்று காலை கருகி நின்றுவிட்டது. குருவான வேதவல்லி அம்மாளைக் கேட்காமல் அங்கே எதையும் தூக்கிப் போடுவதில்லை.

அம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு?"

தருமலிங்கம் கும்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

குடிநீர் வாரியத்தில் முப்பது வருடம் மோட்டார்களோடு இருந்தவர். ஆசிரமத்துக்கு வந்து ஒன்பது வருடம். அம்மாள் பேச்சை நேராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இங்கே அவர் கற்ற முதல் பாடம். செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்று அம்மாள் சொன்னதற்காக மூன்று நாள் மௌனம் இருந்தவர்கள் உண்டு.

மறுநாள் வந்தார். ஏற்கெனவே இரண்டு முறை காயில் கட்டிய மோட்டார், இன்னொரு முறை தாங்காது என்றார். ஆனால் வாங்கிக் கொடுத்தவர் இப்போது உயிரோடு இல்லை, கழற்றி எறிய மனம் வரவில்லை என்றும் சொன்னார்.

அம்மாள் மறுபடி மீனைப் பற்றித்தான் கேட்டார்.

அன்று தருமலிங்கம் சாப்பிடவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் முகம் தெளிந்து வந்தார்.

"புரிஞ்சிடுச்சும்மா. மோட்டார் உடம்பு. மீன் உயிர். எந்த உடம்புங்கறது உயிருக்கு ஒரு கவலையே இல்லை."

அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். முழங்கால் வலியால் அவர் தோட்டத்துப் பக்கம் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

குளம் பச்சை கட்டியிருந்தது. பதினொரு கெண்டைகளும் வயிறு தெரிய மிதந்தன.

குளத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு மொண்டு ஊற்றியிருந்தால் போதும், மீனுக்குக் காற்று கிடைத்திருக்கும். அது தருமலிங்கத்துக்குத் தெரியாததல்ல.

"நீங்க கேட்டதோட உள்ளர்த்தம்..." என்று தொடங்கினார்.

"உள்ளர்த்தம் ஒண்ணும் இல்லைங்க. என்னால நடந்து வந்து பார்க்க முடியல. அதான் கேட்டேன்."

அம்மாள் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"போன வாரம் நம்ம கோதண்டத்தைக் கூப்பிட்டு, ஊர்ல உங்க அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன்," என்றார். "அவர் எங்கே?"

"தியான அறையில இருக்கார்மா," என்றார் தருமலிங்கம். "ஏழு நாளா."